மொஸ்கோவில் அச்சடித்த தமிழ்

பாடசாலையில் எங்களுக்கு அது 'கெடுபிடி யுத்தம்'. தமிழ்நாட்டுக்காரர் 'பனிப்போர்' என்கிறார்கள். எனக்கென்னவோ எங்கட சொல்தான் பிடிக்கும். பனி என்றால் ஏதோ ஒருத்தரும் சாகாத சண்டை மாதிரி ஒரு சாயல் வந்துவிடுகிறது. கொரியாவிலும் வியட்நாமிலும் அங்கோலாவிலும் செத்த ஆக்களுக்கு அது குளிராக இருக்கவில்லை. கெடுபிடி என்றால் எங்களுக்கு விளங்கும். நாங்கள் அதுக்குள்ளதானே வளர்ந்தனாங்கள்.

ரியூசன் நோட்ஸில் அது ஒரு பக்கம். 1949 நேட்டோ, 1955 வார்சோ ஒப்பந்தம், 1961 பெர்லின் சுவர், 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி, 1989 சுவர் விழுந்தது, 1991 சோவியத் கலைந்தது. வருசத்தை மாறி எழுதாவிட்டால் முழு மார்க்ஸ். இரண்டு பெரிய நாடுகள் நேருக்கு நேர் சுடாமல் நாற்பது வருசத்துக்கு மேல் முறைத்துக்கொண்டு நின்றன, இடையில் மற்ற நாடுகள் அடிபட்டன. சுருக்கம் இவ்வளவுதான், பிழை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த யுத்தத்திலிருந்து எங்கட வீட்டுக்கே வந்து சேர்ந்த சாமான் ஒன்று இருந்தது. அதைப் பற்றி நோட்ஸில் ஒரு வரியும் கிடையாது.

புத்தகங்களைத்தான் சொல்கிறேன். கரவெட்டியில் மாமாவின் அலுமாரியில் இரண்டு தட்டு நிறைய இருந்தன. தஸ்தயேவ்ஸ்கியின் 'வெண்ணிற இரவுகள்', தோல்ஸ்தோயின் 'புத்துயிர்ப்பு', சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஜமீலா', 'முதல் ஆசிரியர்', 'அன்னை வயல்', பரீஸ் பொலெவோயின் 'உண்மை மனிதனின் கதை'. கெட்டி அட்டை, தடித்த தாள், நூலால் தைத்த கட்டு. கறையானும் மழையும் எத்தனையோ புத்தகத்தைத் தின்ற பிறகும் இவை நின்றன. விலை மட்டும் கச்சான் காசு என்று மாமா சொல்லுவார். உள்ளே 'முன்னேற்றப் பதிப்பகம், மொஸ்கோ' என்று இருக்கும். கடைசிப் பக்கத்தில் வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: புத்தகத்தைப் பற்றியும் மொழிபெயர்ப்பைப் பற்றியும் உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று, கீழே 17, ஸுபோவ்ஸ்கி புல்வார், மொஸ்கோ என்ற முகவரியோடு. மாமா பதினேழு வயதில் அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போட்டாராம். பதில் வந்ததா என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கதை சொல்லுவார்.

இந்தப் புத்தகங்களில் மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் பார்க்க வேண்டும். ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன். தமிழ்நாட்டிலிருந்து போய் மொஸ்கோவின் குளிருக்குள் குடியிருந்து இவற்றைத் தமிழாக்கினவர்கள். வேறொரு காலத்தில் இவர்கள் மூன்று பேருக்கும் எங்கேயாவது ஒரு தெருவுக்குப் பெயர் வைத்திருப்பார்கள். பிர்ச் மரத்தை இன்றுவரை கண்டதில்லை, ஆனால் பிர்ச் காடு எனக்குப் பழக்கம். சமோவாரில் தேநீர் கொதிக்கும் சத்தம் கேட்டதில்லை, ஆனால் கேட்ட மாதிரியே இருக்கும். எங்கட தலைமுறைக்கு முந்தின ஒரு தலைமுறை முழுவதும் இப்படித்தான் ஒரு ரஷ்யாவைத் தலைக்குள் கட்டி வைத்திருக்கிறது.

இதற்கெல்லாம் காசு கொடுத்தது யார்? சோவியத் அரசுதான். அந்தப் பதிப்பகம் 1931இல் தொடங்கினது. 1963இல்தான் 'முன்னேற்றம்' என்ற பெயர் வந்தது. அந்த வருசங்களில் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நாடு நாடாகச் சுதந்திரம் கிடைத்துக்கொண்டிருந்தது. இந்தப் புதிய நாடுகள் எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் இரண்டு வல்லரசுக்கும் கவலை. 1960இல் மொஸ்கோவில் மூன்றாம் உலக மாணவர்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் திறந்தார்கள், அடுத்த வருசம் அதற்குக் கொங்கோவில் கொல்லப்பட்ட லுமும்பாவின் பெயரை வைத்தார்கள். விண்வெளிக்குப் போய் வந்த யூரி ககாரின் 1961 டிசெம்பரில் இலங்கைக்கே வந்தார். 'சோவியத் நாடு' சஞ்சிகை வழுவழு தாளில் வந்தது. அதை வாசித்தவர்களைவிட அதால் கொப்பிக்கு உறை போட்டவர்கள்தான் கூட என்று அம்மா சொல்லுவா.

மற்றப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கத் தகவல் சேவையின் நூலகங்கள், வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா வானொலி, மலிவு விலையில் அமெரிக்கக் கதைகளின் தமிழாக்கம். இவற்றில் எனக்குச் சுவையாகப் படுவது ஜாஸ். 1950களின் நடுவிலிருந்து அமெரிக்க வெளிவிவகாரத் திணைக்களம் ஜாஸ் கலைஞர்களைத் தூதுவர்கள் மாதிரி உலகம் சுற்ற அனுப்பியது. 1958இல் டேவ் புரூபெக்கின் குழு போலந்து, துருக்கி, இந்தியா எல்லாம் சுற்றும்போது கொழும்பிலும் வாசித்தது. 1963இல் டியூக் எலிங்டன் வந்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நிற்கிறார்கள் பாருங்கள், எங்கட நாட்டில் நிறவெறி என்று மொஸ்கோ சொல்வதெல்லாம் பொய், என்று காட்டுவதுதான் நோக்கம்.

புரூபெக்கின் குழுவில் பேஸ் வாசித்தவர் யூஜின் ரைட், கறுப்பர். கொழும்பில் அவருக்கு மேடை கிடைத்தது. இரண்டு வருசம் கழித்து அமெரிக்காவின் தென்மாநிலக் கல்லூரிகளில் ஒரு சுற்றுப்பயணம் ஏற்பாடாகியது. கறுப்பர் ஒருத்தர் மேடையில் இருக்கக்கூடாது, வெள்ளையர் ஒருத்தரை மாற்றிக் கொண்டுவாருங்கள் என்று பெரும்பாலான கல்லூரிகள் சொன்னன. புரூபெக் மாட்டேன் என்றார். நிகழ்ச்சிகள் ரத்தாகின. லூயி ஆம்ஸ்ட்ரோங் இன்னும் ஒரு படி மேல். 1957இல் லிட்டில் ரொக் பாடசாலைக்குள் ஒன்பது கறுப்பு மாணவர்களை விடாமல் ஆளுநர் படையைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, என் சனத்தை இப்படி நடத்துகிற அரசாங்கத்துக்காக நான் சோவியத் போக மாட்டேன் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். அரசாங்கம் தன் அழகைக் காட்ட அனுப்பின ஆள், அதே மேடையை வைத்தே அரசாங்கத்தின் முகத்தில் கேள்வி கேட்டார். பிரசாரத்துக்குக் கலைஞரைப் பிடித்தால் இந்தக் கரைச்சல் எப்போதும் இருக்கும்.

சில நேரம் கலைஞர் உயிரோடு இல்லாமல் போவதும் உண்டு. ஜோர்ஜ் ஓர்வெலின் 'விலங்குப் பண்ணை'யை (தமிழில் க.நா.சு.) நீங்கள் வாசித்திருப்பீர்கள். அதன் கடைசிக் காட்சியில் புரட்சி செய்த பன்றிகளும் பழைய முதலாளி மனிதர்களும் ஒரே மேசையில் இருக்க, வெளியே நிற்கிற மிருகங்களுக்கு எது பன்றி எது மனிதன் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். கதையின் உயிரே அந்த இடம்தான். இந்தக் கதையை முதலில் பிரித்தானியப் பதிப்பாளர்கள் சிலர் வேண்டாம் என்றார்கள். அப்போது உலக யுத்தம் நடக்கிறது, ஸ்டாலின் கூட்டாளி, அவரின் மனம் நோகக்கூடாது. 1945இல் ஒருமாதிரி வெளிவந்தது. ஓர்வெல் 1950இல் காலமானார். 1954இல் சீஐஏயின் காசில் அது கார்ட்டூன் படமாக வந்தது. படத்தின் முடிவில் அந்த மேசையில் மனிதர்கள் இல்லை, பன்றிகள் மட்டும்தான். மிருகங்கள் திரண்டு வந்து அவற்றை அடித்து விழுத்துகின்றன. இரண்டு பேரும் ஒன்றுதான் என்று எழுதின கதையிலிருந்து ஒருத்தரை மட்டும் மேசையை விட்டு எழுப்பிவிட்டார்கள், காசு கொடுத்தவரை.

போரிஸ் பஸ்தெர்நாக்கின் 'டொக்டர் ஷிவாகோ' கதை இதைவிடச் சிக்கல். சோவியத்தில் வெளியிட மறுத்தார்கள். கைப்பிரதி இத்தாலிக்குப் போய் 1957இல் அங்கே வெளிவந்தது. வெளியிட்ட ஃபெல்ட்ரினெல்லி ஒரு கொம்யூனிஸ்ட் என்பது இந்தக் கதையின் பகிடி. அடுத்த வருசம் சீஐஏ அதை ரஷ்ய மொழியிலேயே இரகசியமாக அச்சடித்து, பிரசெல்ஸ் உலகக் கண்காட்சியில் வத்திக்கான் அரங்கு வழியாக, பார்க்க வந்த சோவியத் ஆட்களுக்குக் கொடுத்தது. வாங்கினவர்கள் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்தாள்களைப் பிரித்துச் சட்டைப் பைகளுக்குள் ஒளித்துக்கொண்டு போனார்களாம். 2014இல் சீஐஏ தன் ஆவணங்களை வெளியிட்ட பிறகு இதெல்லாம் உறுதியாகிவிட்டது. அதே 1958இல் பஸ்தெர்நாக்குக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். எழுத்தாளர் சங்கத்திலிருந்து அவரை விலக்கினார்கள், கொடுத்த நெருக்குதலில் பரிசையும் வேண்டாம் என்று சொல்ல வைத்தார்கள். 1960இல் செத்துப்போனார். அவரின் புத்தகத்தை ஒரு பக்கம் ஆயுதம் என்று தூக்கியது, மற்றப் பக்கம் ஆயுதம் என்று பயந்தது. அது ஒரு மனிசன் பத்து வருசம் குந்தியிருந்து எழுதின நாவல் என்று இரண்டு பக்கமும் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

உலகத்துக்கே புத்தகம் அனுப்பினவர்கள் வீட்டுக்குள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் வயிறு எரியும். வசீலி குரோஸ்மன் எழுதின 'வாழ்வும் விதியும்' நாவலை 1961இல் கேஜிபி வந்து எடுத்துக்கொண்டு போனது. ஆளைப் பிடிக்கவில்லை, நாவலைப் பிடித்தார்கள். கைப்பிரதி மட்டுமில்லை, கார்பன் தாள், தட்டச்சு ரிப்பன் எல்லாம். அமெரிக்காவில் 1953இல் செனட்டர் மக்கார்த்தியின் ஆட்கள் இரண்டு பேர் ஐரோப்பாவைச் சுற்றிப் போய், அமெரிக்க நூலகங்களில் 'சிவப்பு' எழுத்தாளர்கள் இருக்கிறார்களா என்று தட்டுத் தட்டாகத் தேடினார்கள். புத்தகங்கள் அகற்றப்பட்டன, சில எரிக்கவும்பட்டன. எரித்த நூலகத்தின் கதை கேட்டு வளர்ந்த ஊர்க்காரருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பாடகர் போல் ரொப்சனின் கடவுச்சீட்டை 1950இல் பறித்து எட்டு வருசம் வெளியில் விடவில்லை. அதே காலத்தில் லெனின்கிராட்டில் பொடியள் ஆஸ்பத்திரிகள் கழித்துவிட்ட எக்ஸ்ரே படங்களை வட்டமாக வெட்டி, அதில் தடைசெய்த பாட்டுகளைப் பதிந்து, கள்ளமாக விற்றார்கள். வெளிச்சத்துக்குப் பிடித்தால் யாரோ ஒருத்தரின் விலா எலும்பு தெரியும், சுற்றவிட்டால் ஜாஸ் கேட்கும்.

இதெல்லாம் வாசித்துவிட்டு ஒருநாள் மாமாவிடம் கேட்டேன். "அப்ப நீங்கள் பிரசாரத்தைத்தான் வாசிச்சு வளர்ந்தனியளோ?"

"ஓம். ஆனா நல்ல பிரசாரம்," என்றார் மாமா. "தோல்ஸ்தோயைப் பிரசாரத்துக்கு அனுப்பினவனை நான் என்னெண்டு பேசுறது?"

பகிடியாகத்தான் சொன்னார். ஆனாலும் நான் விடவில்லை. அந்த அலுமாரியில் பஸ்தெர்நாக் இல்லை, குரோஸ்மன் இல்லை. நீங்கள் தெரிந்தெடுத்து வாசித்ததாக நினைத்தீர்கள், உங்களுக்கு முன்னமே ஒருத்தர் தெரிந்தெடுத்து முடித்துவிட்டார் என்றேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, உங்கட கையில இருக்கிற போன் மட்டும் என்னவாம் என்றார். நியாயமான கேள்விதான், ஆனால் என் கேள்விக்கு அது பதில் இல்லை. இந்த விவாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

என் நிலைப்பாடு என்னவென்றால், யார் காசு கொடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டுதான் வாசிக்க வேண்டும். அதற்காக, காசு கொடுத்தவர் நினைத்த மாதிரித்தான் வாசித்தவர் எல்லாரும் வாசித்தார்கள் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது. இதை நான் 'உண்மை மனிதனின் கதை'யை வைத்துத்தான் சொல்கிறேன்.

அது உண்மையிலேயே நடந்த கதை. 1942 ஏப்ரலில் அலெக்சேய் மரேஸ்யெவ் என்ற சோவியத் விமானி சுட்டு விழுத்தப்பட்டார். அடிபட்ட கால்களோடு 18 நாள் பனிக்காட்டுக்குள் ஊர்ந்து ஊர்ந்து தன் பக்கம் வந்து சேர்ந்தார். இரண்டு காலையும் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலோடு நடக்கப் பழகி, நடனம் ஆடப் பழகி, 1943இல் திரும்பவும் போர்விமானம் ஓட்டினார். பொலெவோய் 'பிராவ்தா'வின் யுத்த நிருபர். அவரைச் சந்தித்து, 1946இல் இதை நாவலாக்கினார். நாவலில் ஒரு கொமிஸார் வருவார். மனம் உடைந்து கிடக்கிற விமானிக்கு, முதலாம் உலக யுத்தத்தில் ஒரு பாதத்தை இழந்தும் பறந்த ஒருத்தரின் செய்தியைக் காட்டுவார். அந்த ஆளுக்குப் போனது ஒரு பாதம்தானே என்று இவர் சொல்ல, ஆனால் நீ சோவியத் மனிதன் அல்லவா என்ற கருத்தில் கொமிஸார் பதில் சொல்லுவார். பிரசாரம் என்று கேட்டால் இந்த இடத்தில் விரல் வைக்கலாம். புரோகோஃபியெவ் இதே கதையை ஒபேராவாக்கினார். 1948இல் அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டியபோது அவர்களுக்கு இசை பிடிக்கவில்லை, தடுத்துவிட்டார்கள். 1953இல், ஸ்டாலின் செத்த அதே நாளில், அவரும் செத்தார். ஒபேரா மேடை ஏறியது 1960இல். அவ்வளவு கட்சிக்கு உவப்பான கதைக்கே இந்தக் கதி.

எங்கட ஒழுங்கையில் ஒரு அண்ணை இருக்கிறார். மிதிவெடியில் ஒரு கால் போனது, ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறார். மாமாவிடம் இந்தப் புத்தகத்தை வாங்கி மூன்று தடவை வாசித்தவர். கொமிஸார் வரும் பக்கங்களைத் தட்டிவிட்டுப் போய்விடுவாராம். "அந்தாள் கதைக்கத் தொடங்கினா எனக்கு அலுப்பு," என்றார். அவர் திரும்பத் திரும்ப வாசித்தது, புதுக் கால் போட்டு முதல் நாள் நடக்கும்போது வருகிற நோவையும், நடனம் பழகிவிட்டு ஆளில்லாத இடத்தில் போய் முனகுகிறதையும். சோவியத் மனிதன் எப்படிப்பட்டவன் என்று உலகத்துக்குக் காட்ட எழுதின புத்தகத்தில், வெட்டின காலின் நுனி எப்படி நோகும் என்று சரியாக எழுதியிருந்தது. அண்ணைக்கு அது போதும். மரேஸ்யெவ் பிறகு என்ன ஆனார் என்று கேட்டார். 2001 மே மாதம் வரை உயிரோடு இருந்தார், 85ஆவது பிறந்தநாள் விழா தொடங்குவதற்குச் சற்று முன்தான் இறந்தார் என்றேன். "சோவியத் முடிஞ்சு பத்து வருசம். அப்ப அந்தப் பத்து வருசமும் காலை ஆர் மாத்திக் குடுத்தது?" என்று கேட்டார். கால் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது அதைப் போட்டவருக்குத்தானே தெரியும்.

மற்றது 'அன்னை வயல்'. தொல்கொனாய் என்ற கிர்கிஸ் தாய், யுத்தத்தில் புருசனையும் மூன்று மகன்களையும் இழந்தவள், தன் வயலோடு பேசுகிற கதை. கூட்டுப்பண்ணை, வெற்றிக்காக உழைப்பு, எல்லாம் அதில் இருக்கிறது. மொஸ்கோ அதைத் தமிழில் அச்சடித்து அனுப்பியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் மூலப் புத்தகத்தின் தொடக்கத்தில் ஐத்மாத்தவ் ஒரு சமர்ப்பணம் எழுதியிருந்தார். எங்கே புதைக்கப்பட்டார் என்று தனக்குத் தெரியாத தகப்பனுக்கும், பிள்ளைகளைத் தனியாக வளர்த்த தாய்க்கும்.

தகப்பன் தொரெகுல் ஐத்மாத்தவ் கட்சியின் பெரிய ஆள். 1937இல் மொஸ்கோவில் பிடித்தார்கள், 1938 நவம்பரில் சுட்டார்கள். குடும்பத்துக்கு உடல் இல்லை, இடம் இல்லை, சரியான தகவலும் இல்லை. மகன் வளர்ந்து அதே நாட்டின் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆனார். அந்த நாடு அவரின் புத்தகங்களைத் தன் பெருமை என்று உலகம் முழுக்க அனுப்பியது. அனுப்பின புத்தகத்தின் முன்பக்கத்திலேயே, என் தகப்பன் எங்கே என்று ஒரு கேள்வி இருந்தது. 1963இல் அதை அப்படிப் போட்டு எழுதுவது சின்ன விசயம் இல்லை. 1991இல், சோவியத் கலைகிற அதே வருசம், பிஷ்கெக் நகரத்துக்கு வெளியே ஒரு பழைய செங்கற்சூளைக்குள் 137 பேரின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். அதில் ஒரு உடுப்புக்குள் இருந்த குற்றப்பத்திரிகைத் தாளில் தொரெகுல் ஐத்மாத்தவ் என்று பெயர் இருந்தது.

பெரியம்மா இந்தப் புத்தகத்தை வாசித்தவ. அவவின்ர மகன் 2009இலிருந்து இல்லை. இல்லை என்று அவவுக்கு முன்னால் சொல்லக்கூடாது, இன்னும் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். போன மாதம் கரவெட்டிக்கு வந்திருந்தபோது ஐத்மாத்தவின் தகப்பனின் கதையைச் சொன்னேன். சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்துத்தான் சொன்னேன். செங்கற்சூளை என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன், சொல்லு என்றா.

"அந்தப் பிள்ளையின்ர தாய் அப்ப உயிரோட இருந்தவவோ?"

"இல்லை. அதுக்கு முந்தியே செத்திட்டா."

"எத்தினை வருசம்?"

"பிடிச்சதிலயிருந்தோ?"

"ஓம்."

"54."

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்து, ஆரம்பப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தா. பிறகு, இதை நான் கொண்டுபோறன், தைப்பொங்கலுக்கு வரேக்க தாறன் என்று மாமாவுக்குச் சொல்லிவிட்டு, பையுக்குள் வைத்துக்கொண்டா.